வண்டியை எங்கே நிப்பாட்டுவது?

காலை ஏழு, எட்டு மணிக்குச் சென்னையின் வடக்கு விளிம்பில், மஞ்சம்பாக்கம் பக்கமோ செங்குன்றம் பக்கமோ போய்ச் சேரும் லோடு லாரிக்கு அன்று பகல் முழுக்க நகரத்துக்குள் வேலை இல்லை. முக்கியச் சாலைகளில் பகலில் கனரகச் சரக்கு வண்டிகளுக்குத் தடை. எந்தச் சாலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். நாங்கள் அதை ஒரே சொல்லில் 'நோ என்ட்ரி' என்று முடித்துவிடுவோம். இருட்டிய பிறகு உள்ளே போக வேண்டும், ஊர் விழிப்பதற்குள் லோடு இறக்கி வெளியே வந்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கியடித்துப் போகிற நேரத்தில் 28 டன் வண்டி அந்தத் தெருவில் வரக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பகல் முழுக்க வண்டி எங்கேயாவது நின்றாக வேண்டும். எங்கே நிற்கக் கூடாது என்று பலகை இருக்கும். எங்கே நிற்கலாம் என்று சொல்லும் பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் சங்ககிரிக்காரன். எங்கள் பக்கத்தில் லாரியோடு சம்பந்தப்படாத குடும்பம் குறைவு. ஓட்டுகிறவர், வைத்திருப்பவர், பாடி கட்டுகிறவர், டயருக்கு ரீட்ரேட் போடுகிறவர், பைனான்ஸ் கொடுக்கிறவர் என்று யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார். எண்பதுகளின் கடைசியில் கிளீனராக வண்டி ஏறினேன். பிறகு டிரைவரானேன், நேஷனல் பர்மிட் வண்டியில் வடக்கே நிறையப் போய் வந்தேன். இப்போது சொந்த வண்டியை வேறு பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அவர்களிடமிருந்து ராத்திரியில் போன் வந்தால் இன்ஜின் கோளாறு என்றோ டயர் போய்விட்டது என்றோ வருவது கொஞ்சம்தான். "அண்ணா, இங்க நிக்க விட மாட்டேங்கறாங்க. எங்க போய் நிப்பாட்டறதுங்க?" என்று கேட்டு வருவதுதான் அதிகம்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த டிரைவரைப் பெரியண்ணன் என்று கூப்பிடுவோம். ஸ்டியரிங்கைத் தொட விடுவதற்கு வெகுகாலம் முன்பே அவர் எனக்கு வண்டியை நிறுத்தப் பழக்கினார். "நிப்பாட்டறதுக்கு முன்னால மேல பாரு கண்ணு, அப்பறம் கீழ பாரு, அப்பறம் சுத்தியும் பாரு" என்பார். மேலே பார்ப்பது மின்கம்பிக்காகவும் மரக்கிளைக்காகவும். பஞ்சு மூட்டையோ வைக்கோலோ உயரமாகக் கட்டி வரும்போது, தெருவில் தாழத் தொங்கும் ஒயர் ஒன்று போதும் உயிரை எடுக்க. கிளை இடித்தால் தார்பாய் கிழியும். அன்றைக்கே மழை வந்தால் லோடு போயிற்று.

கீழே பார்ப்பதுதான் கஷ்டம். ஓரத்து மண் கெட்டியாகத் தெரியும். குழாய்க்காகத் தோண்டி, போன வாரம் மூடிய பள்ளமாக அது இருந்தால் ராத்திரி பெய்யும் மழையில் பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். சாக்கடை மேல் போட்ட சிமென்ட் பலகை கார் ஏறினால் தாங்கும், லோடு லாரி தாங்காது. தரை சரிவாக இருந்தால் முன் சக்கரத்தை ஓரத்துப் பக்கம் ஒடித்து வைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கட்டை கொடுத்தாயா என்று பெரியண்ணன் கேட்க மாட்டார். இறங்கி வந்து காலால் தட்டிப் பார்ப்பார். அந்தக் காலத்து வண்டிகளில் நிறுத்தி வைத்த ராத்திரியில் ஏர் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்து கேஜ் ஏறும் வரை பொறுத்து, பிறகுதான் கட்டையை எடுக்க வேண்டும். பொறுமை இல்லாமல் எடுத்தவர்கள் வண்டி உருண்டு போய் டீக்கடையில் முட்டிய கதைகள் எங்கள் லாரி பேட்டையில் உண்டு.

சுற்றிப் பார்ப்பது திருட்டுக்காக. இருட்டில் ஒதுக்குப்புறமாக நிறுத்தினால் டேங்க் மூடியை உடைத்து டியூப் விட்டு டீசலை உறிஞ்சிவிடுவார்கள். பேட்டரி போகும், ஸ்டெப்னி போகும். தார்பாயை பிளேடால் கிழித்து மூட்டையை இழுத்துவிடுவார்கள். காலையில் சரக்குக்காரர் எண்ணிப் பார்த்து, குறைகிற மூட்டைக்கு டிரைவர் கணக்கில் பிடிப்பார். அதனால் டேங்க் இருக்கும் பக்கம் சுவரோடு ஒட்டி வர நிறுத்துவோம். கன்டெய்னர் என்றால் இரண்டு வண்டியைப் பின்னோடு பின் முட்ட வைப்போம், கதவைத் திறக்க முடியாதபடி. விடிய விடியத் திறந்திருக்கும் டீக்கடையோ, பெட்ரோல் பங்க்கோ, தெருவிளக்கோ பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. விளக்கு இருக்கும் தெரு மக்கள் குடியிருக்கும் தெரு. எங்களுக்குப் பாதுகாப்பாகத் தெரியும் இடத்தில் காலையில் ஒரு வீட்டம்மா கதவைத் திறந்தால், வாசலை மறைத்துக்கொண்டு பத்துச் சக்கர வண்டி நிற்கும். கோலம் போட இடமில்லை. தண்ணீர் லாரி உள்ளே வர வழியில்லை. அந்த அம்மா திட்டுவது நியாயம். நிற்கிறவனுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

விதி என்ன சொல்கிறது என்று எங்கள் தொழிலில் பலர் முழுதாகப் படித்ததில்லை. போலீஸ்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். 1989-இல் வந்த சாலை விதிகளில் வண்டியை நிறுத்தக் கூடாத இடங்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். 2017-இல் அதை மாற்றிப் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. சந்திப்புக்குப் பக்கத்தில், வளைவில், மேட்டின் உச்சியில், பாலத்தின் மேல் கூடாது. நடைபாதையில் கூடாது. சிக்னலுக்கும் பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கும் அருகில் கூடாது. பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல் ஆகியவற்றை அடைத்து நிற்கக் கூடாது. நிற்கிற இன்னொரு வண்டிக்கு இணையாகவோ எதிராகவோ வழியை மறித்து நிற்கக் கூடாது.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்பதை லாரி கேபினில் உட்கார்ந்து பார்த்தவனால் சொல்ல முடியும். சட்டப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டர் வரை போகலாம். தெருமுனையில் அப்படி ஒரு வண்டி நின்றால், குறுக்கே வருகிற சைக்கிள்காரன் தன் முன் சக்கரத்தைச் சாலைக்குள் நீட்டிய பிறகுதான் எதிரில் வருவதைப் பார்ப்பான். சின்னப் பிள்ளை அதன் முன்னால் நுழைந்து வந்தால் கேபின் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தலைகூடத் தெரியாது. பம்பருக்கு முன்னால் சில அடி தூரம் எங்களுக்குக் குருட்டு இடம். பள்ளிக்கூட வாசலில் லாரி நிறுத்தக் கூடாது என்ற விதிக்கு நான் எப்போதும் கட்டுப்பட்டு வந்திருக்கிறேன். என் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

அதைவிடக் கண்டிப்பாக இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்: பைபாஸில், தார் மேல், ராத்திரியில் நிற்காதே. ஒரு முறை பைபாஸில் எனக்கு முன்னால் போன பைக், ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் செருகியது. அந்த லாரிக்குப் பின்விளக்கு எரியவில்லை, ரிஃப்ளெக்டர் டேப் சேறு படிந்து கருத்துக் கிடந்தது. பைக்கில் இரண்டு பையன்கள். நானும் கிளீனரும் ஓடிப்போய்த் தூக்கினோம். ஒருவன் பிழைத்தான், மற்றவன் போய்விட்டான். லாரியின் டிரைவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர் அந்தப் பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் எனக்கு மறக்கவில்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் ஓட்டி வந்து, கண் சொருகியதால் ஓரம் கட்டினவர் அவர். கண் சொருகும்போது நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் வேறு யார் உயிராவது போயிருக்கும். அவருக்கு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் ஒதுங்க ஓர் இடம் இருந்திருந்தால் அந்தப் பையன் செத்திருக்க மாட்டான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிரேக்டவுன் ஆகி நிற்பது வேறு விஷயம். அதை யாரும் தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை. ஆனால் அங்கேயும் எங்கள் ஆட்கள் செய்யும் ஒரு பழக்கம் மாற வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கல்லும் தழையும் அடுக்கி வைப்பார்கள். வண்டி சரியானதும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கல் அடுத்த பைக்காரனுக்கு எமன். முக்கோண ரிஃப்ளெக்டர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். கல்தான் வைக்க முடிந்தது என்றால் கிளம்புகிறபோது எடுத்துச் சாக்கடையோரம் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 115-ஆம் பிரிவு, குறிப்பிட்ட வகை வண்டிகளைக் குறிப்பிட்ட சாலையில் தடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. நோ என்ட்ரி அதன் கீழ் வருகிறது. 122-ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. 201-ஆம் பிரிவில் முன்பு போக்குவரத்தை மறித்து நின்றால் மணிக்கு 50 ரூபாய் என்று இருந்தது. 2019 திருத்தத்தில் 500 ரூபாய் வரை என்றானது. இழுத்துச் செல்லும் கூலி தனி. இதுபோக பொதுவழியை மறித்ததாக முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 283-இல் வழக்குப் போட்டார்கள். அதற்கு உச்ச அபராதம் 200 ரூபாயாகத்தான் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 285-ஆம் பிரிவாகி, 5,000 ரூபாய் வரை போகலாம் என்று ஆகிவிட்டது. தவறு செய்கிறவருக்கு அபராதம் இருக்கட்டும்.

இவற்றுக்கு நடுவில் 117 என்று ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு, மோட்டார் வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அரசு இடம் குறித்துத் தரலாம் என்கிறது அது. 115-க்கும் 117-க்கும் இடையே ஒரே ஒரு பிரிவுதான் தூரம். முன்னதை ஒவ்வொரு நகரமும் தினமும் பயன்படுத்துகிறது. பின்னதை லாரிக்காகப் பயன்படுத்திய இடங்களை நான் ஓட்டிய காலத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தடுக்கிற அதிகாரத்தோடு நிறுத்த இடம் தரும் பொறுப்பும் சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சென்னை இதற்கு முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் கிளீனராக இருந்த காலத்தில் காய்கறி லாரி என்றால் கொத்தவால்சாவடி. ஜார்ஜ் டவுனின் அந்தச் சந்துகளுக்குள் ரிவர்ஸில் வண்டி விட்டவர்களுக்கு உலகத்தில் வேறு எந்த இடமும் கஷ்டமாகத் தெரியாது. கிளீனர் பின்னால் நின்று பலகையில் தட்டிக்கொண்டே வர வேண்டும். தட்டும் சத்தம் நின்றால் பிரேக். 1996-இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக்கும் ஊட்டி கேரட்டுக்கும் நிற்க ஓர் இடம் கிடைத்தது. மார்க்கெட் என்று திட்டமிட்டுக் கட்டினால் லாரிக்கும் இடம் விடத்தானே வேண்டும், அதைச் செய்தார்கள்.

மாதவரத்தில் சி.எம்.டி.ஏ. டிரக் டெர்மினல் கட்டியதும் நல்ல எண்ணத்தில்தான். வால்டாக்ஸ் ரோட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் இருந்த லாரி புக்கிங் ஆபீஸ்கள் அங்கே போய்விட்டால் நகரத்தின் நடுவில் லாரி நிற்க வேண்டிய தேவை குறையும் என்பது கணக்கு. ஆனால் பார்சல் கொடுக்கிற வியாபாரி கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் இருக்கிறார். அவர் கைவண்டியிலோ மீன்பாடி வண்டியிலோ சரக்கை அனுப்பும் தூரத்தில்தான் புக்கிங் ஆபீஸ் இருக்க வேண்டும். அதனால் பல ஆபீஸ்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. லாரியை மட்டும் ஊருக்கு வெளியே தள்ளி, அதற்கு லோடு கொடுக்கிறவரை உள்ளேயே வைத்திருந்தால் நடுவில் தெருதான் பேட்டையாகும்.

துறைமுகத்துக் கதை இதைவிடப் பெரியது. இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் முதலில் வந்தது சென்னைத் துறைமுகத்தில், 1983-இல். துறைமுகத்தைச் சுற்றி ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று மீனவக் குடியிருப்பும் தொழிலாளர் வீடுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் அந்தச் சாலைக்கு வரும்போது வழியில் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்ற ஆண்டுகள் உண்டு. நாள்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. வரிசையை விட்டு இறங்கினால் பின்னால் இருக்கிறவன் முன்னால் போய்விடுவான். அதனால் மலஜலம் கழிக்கக்கூடப் போக முடியாது. டிரெய்லருக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சோறு பொங்கி, அங்கேயே சாக்கு விரித்துப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இரண்டு டிரெய்லருக்கு நடுவில் குனிந்து நுழைந்து போனதையும் பார்த்திருக்கிறேன். ஜனங்கள் லாரிக்காரனைத் திட்டினார்கள், லாரிக்காரன் துறைமுகத்தின் கேட்டைத் திட்டினான். கேட் திறக்கிற வேகம், பேப்பர் பார்க்கிற வேகம், சாலையின் அகலம் மூன்றும் தாமதமாகச் சரியாகி வந்தன. இன்று முன்புபோல் இல்லை. ஆனால் அந்த நெருக்கடி உச்சத்தில் இருந்தபோதே துறைமுகத்துக்கு வெளியே விசாலமான நிறுத்துமிடம் ஒன்றைக் கொடுத்து, அங்கிருந்து டோக்கன் போட்டு அழைத்திருந்தால் இத்தனை கஷ்டம் இரண்டு பக்கத்துக்கும் வந்திருக்காது.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை போட்ட பிறகு லாரிகள் ஊருக்குள் நுழையாமலே சுற்றிப் போக முடிகிறது. தெற்கிலிருந்து வந்து ஆந்திரா போகிறவனுக்கு அது பெரிய வரம். ஆனால் அதன் ஓரத்திலும் சர்வீஸ் ரோட்டிலும் ராத்திரி பூராவும் லாரிகள் நிற்கின்றன. அவ்வளவு பெரிய சாலையைத் திட்டமிடும்போதே, ஓடுகிற வண்டி ஒரு நேரத்தில் நிற்கும் என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

வடக்கே போய்ப் பார்த்தால் பல ஊர்களில் 'டிரான்ஸ்போர்ட் நகர்' என்று தனியாக ஒதுக்கியிருப்பார்கள். டெல்லியில் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் எங்களுக்குத் தாய்வீடு. மெக்கானிக், டயர்க் கடை, புரோக்கர், ரொட்டிக் கடை எல்லாம் அங்கேயே. தமிழ் பேசும் ஆள்கூட எப்படியாவது கிடைப்பார். குப்பையும் சேறுமாக இருக்கும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆனாலும் அங்கே வண்டியை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பெங்களூரில் யஷ்வந்தபுரத்தில் தேவராஜ் அர்ஸ் பெயரில் டிரக் டெர்மினல் உண்டு. கர்நாடக அரசு இதற்கென்றே தனி நிறுவனம் வைத்திருக்கிறது என்பது எனக்கு மரியாதையாகப் படுகிறது. கோவையில் உக்கடம் லாரி பேட்டை எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது.

டெல்லியில் இன்னொன்றும் கண்ணால் பார்த்தேன். ஹரியானாவிலிருந்து உத்தரப்பிரதேசம் போக வேண்டிய வண்டிகள்கூட ஒரு காலத்தில் டெல்லிக்குள் புகுந்துதான் போகும். நோ என்ட்ரி முடியும் வரை எல்லையில் வரிசை நிற்கும். 2015-இல் சுப்ரீம் கோர்ட் மாசுக்கட்டணம் போட்டது. முதலில் சின்ன வண்டிக்கு 700, பெரிய வண்டிக்கு 1,300 ரூபாய், அந்த டிசம்பரிலேயே 1,400, 2,600 என்று இரட்டிப்பாக்கினார்கள். 2018-இல் கிழக்கிலும் மேற்கிலும் சுற்றுவழி விரைவுச் சாலைகள் திறந்த பிறகு, டெல்லியில் வேலை இல்லாத வண்டி டெல்லிக்குள் போகவே வேண்டியதில்லை என்றானது. எல்லையில் நின்ற வரிசை எவ்வளவோ குறைந்தது. மாற்று வழி கொடுத்தால் லாரிக்காரன் அதில் போவான். அவனுக்கும் நெரிசலில் நிற்க ஆசை கிடையாது.

வெளி மாநிலத்தில் படும் இன்னொரு கஷ்டம் பலகை. குஜராத்தில் நோ என்ட்ரி நேரம் குஜராத்தியில் எழுதியிருக்கும். எனக்கு எண்கள்கூடப் பிடிபடாது. இங்கே வரும் பஞ்சாப் டிரைவருக்கு நம் தமிழ்ப் பலகை அப்படித்தான். படம், சாதாரண எண், இந்த இரண்டும் இருந்தால் யாரும் படித்துக்கொள்வார்கள். பல இடங்களில் பலகையை வேப்பமரம் மூடியிருக்கும். மரத்தை வெட்ட வேண்டாம், பலகையை இரண்டடி தள்ளி நட்டால் போதும்.

நிற்பதால் வரும் செலவை வெளியில் இருப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2018 ஏப்ரலில் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் வந்தது. அப்போது ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று கால வரம்பு. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டர். ஐந்நூறு கிலோமீட்டர் சரியாக ஓடி வந்துவிட்டு, கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்காக ஒரு பகல் முழுக்க எல்லையில் நிற்கும்போது அந்தப் பில்லின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முடிவதற்கு முன்னோ பின்னோ எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். டிரைவர் தூங்கிவிட்டாலோ ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலோ பிடிபடுகிற இடத்தில் பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியே ராத்திரி உள்ளே போனாலும் குடோன் திறந்திருக்க வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். நகரம் எங்களை ராத்திரி வா என்கிறது. சரக்கு வாங்குகிற குடோன்காரர் காலை பத்து மணிக்குத்தான் ஆட்களை அழைக்கிறார். நடுவில் கேட்டுக்கு வெளியே தெருவில் வண்டி நிற்கிறது. கேட்டுக்கு உள்ளே காலி இடம் இருக்கும். "லோடு இறக்கறப்ப உள்ள வாங்க" என்பார் வாட்ச்மேன். விடிந்ததும் போக்குவரத்து போலீஸ் போட்டோ எடுத்து இ-சலான் போடுவார். அது வண்டிச் சொந்தக்காரரின் போனுக்குப் போகும், அவர் டிரைவரின் பேட்டாவில் பிடிப்பார். தெருவில் நிற்க வைத்தவருக்கு ஒரு ரூபாய் அபராதம் கிடையாது. தன் சரக்கு ஏற்றிய வண்டி வந்து நிற்க இடம் ஒதுக்காத குடோனுக்கும் அந்த அபராதத்தில் பங்கு போட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே மாதத்தில் கேட்டுகள் திறக்கும்.

டிரைவரின் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்றது. எழுதியவர்களுக்கு நன்றி. அந்த அரை மணி நேரத்தை எடுக்க வண்டியை ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். இப்போது புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். ஓட்டும்போது அது பெரிய ஆறுதல். ஆனால் நோ என்ட்ரிக்காக மே மாத வெயிலில் நிற்கும்போது ஏ.சி. ஓட வேண்டுமென்றால் இன்ஜின் ஓட வேண்டும். டீசல் யார் கணக்கில் எரியும்? அதனால் நின்ற வண்டியில் படுத்திருப்பவனுக்கு இன்றும் மரத்து நிழல்தான் வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்குப் படுக்கை, குளியலறை, சமையல் இடம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் கட்டித் தருகிறார்கள். நல்ல காரியம். அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. நகரத்தின் வாசலில் நிற்பவனுக்கு அது எட்டுவதில்லை.

லாரிக்காரனுக்கு நின்று இளைப்பாற இடம் வேண்டும் என்ற உண்மை 2020 ஊரடங்கில் எல்லாருக்கும் ஒரு சில வாரம் புரிந்தது. சரக்கு வண்டி ஓடலாம் என்று அனுமதி இருந்தது. தாபா இல்லை, டயர்க் கடை இல்லை. சாலையோரத்து டீக்கடையைக்கூட மூடியிருந்தார்கள். லாரி நின்றால் சாப்பாடு இல்லை என்று ஆனது. ஏப்ரல் 15-இல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் நெடுஞ்சாலைத் தாபாக்களையும் லாரி ரிப்பேர் கடைகளையும் திறக்கலாம் என்று சேர்த்தார்கள். மே மாதம் கோயம்பேடு மூடி, காய்கறி மார்க்கெட் திருமழிசைக்குப் போனபோது, அங்கே முதலில் தேவைப்பட்டவற்றில் ஒன்று லாரி நின்று இறக்கக் கெட்டியான தரை. மழை பெய்தபோது அந்தச் சேற்றில் எங்கள் பிள்ளைகள் பட்ட பாட்டைப் போனில் கேட்டேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நோ என்ட்ரி நேரத்தை அறிவிக்கிற ஆணையிலேயே, நுழைவாயில் ஒவ்வொன்றிலும் வண்டி காத்திருக்கும் இடத்தின் பெயரும் இருக்க வேண்டும். பெருங்களத்தூர் பக்கம் ஒன்று, பூந்தமல்லி பக்கம் ஒன்று, வடக்கே மாதவரத்துக்கு மேல் ஒன்று. கெட்டித் தரை, விளக்கு, காவலாள், கக்கூஸ், குளிக்கத் தண்ணீர். கடை வைக்கிறவன் தானாக வருவான். எரிவாயு டேங்கருக்கு மட்டும் மற்ற வண்டிகளிலிருந்து விலகி, வீடுகளுக்குத் தள்ளித் தனி இடம் வேண்டும். நாமக்கல் பக்கத்து டேங்கர்காரர்கள் இதற்காகப் படும் அலைச்சல் எனக்குத் தெரியும். அந்த இடங்கள் வந்த பிறகும் தெருவில் நிற்கிற லாரிக்கு 5,000 ரூபாய் போட்டாலும் அதைச் சரி என்பேன்.

சும்மா தரவும் வேண்டாம், கட்டணம் வாங்கட்டும். ஆனால் அந்தக் கட்டணத்தை டிரைவர் தன் பேட்டாவிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால் அவர் காசை மிச்சம் பிடிக்கத் தெருவுக்குத்தான் போவார். வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவர் அப்படித்தான் செய்வார். அதனால் என் வண்டிகளில் டீசல், டோல், பேட்டா மாதிரியே 'நிப்பாட்டற காசு' என்று தனியாகக் கொடுத்து அனுப்புகிறேன். பணம் கொடுத்து நிறுத்தும் யார்டு எந்த ஊரில் எங்கே இருக்கிறது, காவலாள் உண்டா, தண்ணீர் வருகிறதா என்று ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். எங்கள் லாரி ஆபீஸில் மற்ற சொந்தக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் வாடகை இறங்கிக் கிடக்கிற நேரத்தில் இது எதற்கு என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன். டிரைவர்கள் ரசீது கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.